புனித வெள்ளிக்கு மீன் வேண்டாம் என்றேன்

ஆக்னஸ் கல்ஷாவுக்கு நான் ஆயிரத்து நூறு பவுண்டு கடன்பட்டிருந்தேன். ஆயிரத்து ஐந்நூறுக்கு அவளுடைய பொரித்த மீன் கடையைப் பேசி, நானூறை முதலில் கொடுத்தேன். மீதியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நூற்றிருபதாகக் கட்டுவதாக ஒப்பந்தம். ஒரு தவணை தவறினாலும் கடை அவளுக்கே திரும்பிப் போகும், கட்டிய பணம் கட்டியதுதான். எனக்கு அப்போது ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். எனக்குத் துணிச்சல் அதிகம்.

இன்றைக்கு லிவர்பூலில் எனக்கு மூன்று கடை. பதினோரு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். ஹாங்காங்குக்கு வெளியே வயல்காட்டில் நாலாம் வகுப்போடு நின்றவன், கப்பல் சமையலறையில் பாத்திரம் தேய்த்து வந்தவன். இதை என் பிள்ளைகள் முன்னால் சொன்னால் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் எழுதுகிறேன். ஆனால் இது கல்ஷா அம்மாளைப் பற்றியது.

அந்தக் கடைக்கு இரண்டு தெரு தள்ளிப் பிறந்தவள் அவள். பதினான்கு வயதில் அங்கே உருளைக்கிழங்கு உரிக்க வந்தாள். முதலாளி மகன் வில்ஃப்பைக் கட்டிக்கொண்டாள். சண்டைக் காலத்தில் எதிர்வீடு குண்டு விழுந்து நொறுங்கிய அன்றைக்கும் சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்தாளாம். வில்ஃப் மாரடைப்பில் விழுந்ததும் எண்ணெய்ச் சட்டி முன்னால்தான். வரிசையில் நின்ற ஆறு பேருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் டாக்டருக்கு ஆள் அனுப்பினாள் என்று தெருவில் சொல்வார்கள். நான் அவளிடமே கேட்டேன்.

“நாலு பேர்” என்றாள்.

கடையை விற்ற பிறகும் ஒரு வருஷம் கூலிக்கு நிற்பதாக ஒப்புக்கொண்டாள். சீனன் பொரித்த மீனை யாரும் வாங்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. இடது பக்கம் அவள் மீனும் உருளைக்கிழங்கு சிப்ஸும். வலது பக்கம் நான் கொண்டுவந்த வறுத்த சோறு, நூடுல்ஸ், மசாலாக் குழம்பு. அவள் மாவுக்கரைசலை நான் தொடக் கூடாது. என் சோற்றின் பேரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். யாராவது சோறு கேட்டால் கட்டைவிரலை என் பக்கம் காட்டி, “அந்தச் சாமானா? அவன்கிட்டக் கேளு” என்பாள்.

கிறிஸ்துமஸ் தவணையைக் கட்டிவிட்டேன். அடுத்தது ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை நண்பகல். அந்த வாரம் புதன்கிழமை என்னிடம் எழுபத்தொரு பவுண்டுதான் இருந்தது. அப்பாவின் கல்லறையைப் பூச ஊருக்குப் பணம் அனுப்பியதில் கை காலி. ஒரு வாரம் அவகாசம் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். புதன்கிழமை அவளுடைய அண்ணன் மகன் கிளிஃபர்ட் ஓர் அளவுநாடாவோடு வந்தான். கல்லா மேசையின் நீளத்தை அளந்தான். ஜன்னலை அளந்தான். என்னையும் ஒரு பார்வை அளந்தான். அங்கே குதிரைப் பந்தயம் கட்டும் கடை வைப்பது அவன் ஆசை.

அவன் அளந்துகொண்டிருக்கும்போதே மீன்காரன் நோயல் வந்தான்.

“வெள்ளிக்கிழமைக்கு எத்தனை பெட்டி, பாங்?”

“ஒண்ணும் வேண்டாம். கடை லீவு.”

“ஒண்ணுமா?”

“ஒண்ணுமே.”

நோயல் நோட்டில் எழுதிக்கொண்டான். கிளிஃபர்ட் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி போனான். கல்ஷா அம்மாள் வினிகர் பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் முட்டாள் இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். அந்த வருஷம் புனித வெள்ளிக்கு மறுநாள் எங்கள் சீனக் கல்லறைத் திருநாள். அதற்கு முந்தின நாள் என் அம்மா அடுப்பே மூட்ட மாட்டாள், ஆறின சோறுதான். செத்தவர்களுக்கு மரியாதை. நான் முன்பு வேலை பார்த்த மான்செஸ்டர் ஓட்டலும் புனித வெள்ளிக்குப் பூட்டியிருக்கும். இவர்கள் சாமியே செத்த நாள். அன்றைக்கு எவன் எண்ணெய்ப் பண்டம் தின்பான்? நான்கூட மரியாதை தெரிந்தவன் என்று தெரு பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நின்றாள். முகம் தூங்காத முகம்.

“நாளைக்கு எதுக்குடா லீவு?”

“சாமி செத்த நாள் இல்லையா, மிஸஸ் கல்ஷா. மரியாதைக்கு.”

“மரியாதையா! இந்தத் தெருவுல முக்காவாசி கத்தோலிக்கன். நாளைக்கு அவன் இறைச்சி தொடக் கூடாது. அப்போ என்னத்தத் தின்பான், கல்லையா?”

“ஒண்ணும் தின்ன மாட்டான்னு நெனச்சேன்.”

“ஒண்ணும் தின்ன மாட்டானாம்! மீனுக்கு வருஷத்துக்கே பெரிய நாளுய்யா அது. பத்தரை மணிக்கு வரிசை மூலை திரும்பிடும்.”

“நேத்தே சொல்லியிருக்கலாமே?”

அவள் கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். “சொல்லாம இருக்கலாம்னுதான் இருந்தேன். சனிக்கிழமை கடை என் கைக்கு வந்திருக்கும். ராத்திரி பூரா அதையே நெனச்சேன். ஆனா முப்பத்தொரு வருஷத்துல இந்தக் கதவு புனித வெள்ளிக்குப் பூட்டிக் கெடந்ததில்ல. ஜனம் வந்து பூட்டைப் பாத்துட்டுப் போறத என்னால பாக்க முடியாது. உன்கிட்ட எவ்வளவு இருக்கு?”

“எழுபத்தொண்ணு.”

“எல்லாத்தையும் எடு. கடைசி நேரத்துல மார்க்கெட்ல கடன் கெடையாது, ரொக்கந்தான்.”

இங்கேதான் நான் யோசித்தேன். இவள் சொல்வது பொய்யாக இருந்தால், மறுநாள் கடை நிறைய மீனும், பை நிறையக் காற்றும், சனிக்கிழமை கிளிஃபர்ட்டின் நாடாவும்தான் மிஞ்சும். அவகாசம் கேட்டுக் கும்பிடக்கூடக் கையில் ஒன்றும் இருக்காது. நான் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போடுகிறவன். அவளை ஒரு நிமிஷம் பார்த்தேன். நம்பினேன். அறுபத்தொன்றைக் கொடுத்தேன். பத்தை அரிசி மூட்டையில் ஒளித்துவைத்தேன்.

மார்க்கெட்டில் அவள் என்ன செய்தாள் என்று தெரியாது. விற்றுத் தீர்ந்த மீனை எவனெவனிடமோ பிடுங்கியிருக்கிறாள். பதினொரு மணிக்கு நோயலின் வண்டியில் ஐந்து பெரிய பெட்டியோடு வந்து இறங்கினாள். நோயல் என் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே வரிசை மூலை திரும்பியிருந்தது. அவள் சொன்னதைவிட அரை மணி முன்னால். அவள் மாவில் தோய்த்துப் போடப் போட நான் வாரி எடுத்தேன். கரைசலைத் தொட அன்று அனுமதி கிடைத்தது. இறைச்சி தின்னக் கூடாத நாளில் அந்த ஜனம் தின்ற மீன் அத்தனையும் பொரிந்தது மாட்டுக் கொழுப்பில்தான். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒரு மணிக்கு உருளைக்கிழங்கு தீர்ந்தது. மீனை வாங்கினாள், கிழங்கை மறந்துவிட்டாள். இதை நான் அவள் சாகும்வரை சொல்லிக்காட்டினேன். மீன் இரண்டரைப் பெட்டி மிச்சம். வெறும் மீனுக்காகவா இவ்வளவு நேரம் நின்றோம் என்று வரிசையில் நாலைந்து பேர் கலைந்து போக ஆரம்பித்தார்கள். அடுத்த தெருவிலும் ஒரு மீன் கடை இருந்தது.

“சோறு இருக்கு” என்றேன்.

“என் மீனோட உன் சோறா? செத்தாலும் இல்ல.”

“இரண்டரைப் பெட்டி இருக்கு, மிஸஸ் கல்ஷா.”

அவள் வரிசையைப் பார்த்தாள். மூன்றாவது ஆளாகப் பாதிரியார் நின்றிருந்தார்.

“சாமி, முட்டை போட்ட சோறு இன்னிக்கு ஆகுமா?” என்று கத்தினாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். “முட்டை இறைச்சி இல்ல, ஆக்னஸ். எனக்கே ஒண்ணு போடு. மேல அந்த மசாலாக் குழம்பை ஊத்தச் சொல்லு.”

“குழம்புல என்ன இருக்கு?” என்றாள் பின்னால் நின்ற ஒரு கிழவி.

“வெங்காயம்” என்றேன்.

“அவ்வளவுதானா? அப்ப எதுக்கு அந்த விலை?”

கல்ஷா அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமல், வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னாள்: “பாங்! ரெண்டு மீன், ரெண்டு... சோறு.”

அதற்குப் பிறகு அவள் குரல் நிற்கவில்லை. நாலு மீன் நாலு சோறு. ஆறு மீன் ஆறு சோறு, ஒன்றுக்குக் குழம்பு வேண்டாம். மீனும் முட்டைச் சோறும் இன்றைக்கும் என் மூன்று கடையிலும் உண்டு. மற்ற கடைக்காரர்கள் பார்த்துப் போட்டார்கள். முதலில் போட்டது நான். இதில் யாருக்கும் பங்கில்லை. பாதிரியாருக்கு வேண்டுமானால் கொஞ்சம்.

ஆறு மணிக்குக் கடைசி மீன் போனது. வரிசையில் இன்னும் பதினைந்து பேர். வெறும் சோற்றை வாங்கிக்கொண்டு போனார்கள்.

சனிக்கிழமை நண்பகலுக்குக் கால் மணி இருக்கும்போது அவள் வந்தாள். மார்க்கெட்டுக்குப் போட்ட அதே தொப்பி. அன்றைக்கு அவள் வேலைக்காரி இல்லை, கடன் கொடுத்தவள். கூட கிளிஃபர்ட், பையில் நாடா.

“இருக்கா?” என்றாள், நேற்று முழுக்க இதே கடையில் நின்று விற்காதவள் மாதிரி.

“இருக்கு.”

கிளிஃபர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “சும்மா இருந்திருந்தா கடை நமக்கு வந்திருக்கும், அத்தை.”

“பூட்டின கடை வந்திருக்கும்” என்றாள். “நீ போய் வெளிய நில்லு.”

கல்லா மேசைக்கு மேலே வலது கையை விரித்து நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை எண்ணெய் தெறித்த பழைய வடுக்கள். நான் முதலில் நோட்டுகளை வைத்தேன். அரிசி மூட்டையிலிருந்து எடுத்த பத்தில் அரிசித் தூசி ஒட்டியிருந்தது. அவள் பார்த்தாள், ஊதினாள். பிறகு பத்து ஷில்லிங் நோட்டுகள். பிறகு சில்லறை. கை நிறைந்தபோதெல்லாம் கைப்பையில் கொட்டிவிட்டு, விட்ட எண்ணிக்கையை உரக்கச் சொல்லிவிட்டு மறுபடி நீட்டினாள். நான் அவசரப்படவில்லை. வாசலில் நின்ற கிளிஃபர்ட்டுக்கும் கேட்கட்டும் என்று ஒவ்வொன்றாக எண்ணினேன். நூற்றுப் பத்தொன்பது பவுண்டு, பதினேழு ஷில்லிங், ஆறு பென்னி. கடைசியாக, நூற்றிருபதுக்குக் குறைந்த இரண்டரை ஷில்லிங்குக்கு ஓர் அரை கிரவுன் காசை அவள் உள்ளங்கையின் நடுவில் வைத்தேன். அவள் விரல்களை மடக்கினாள்.