நகராத கொக்கி

மனைவியின் அண்ணன் மெர்ல் சக்கரம் வைத்த தன் டிரெய்லர் வீட்டை இழுக்கத் தரவே மாட்டேன் என்கிறாரே என்று கார்லண்டுக்குப் பல வருட மனத்தாங்கல்.

"மாப்ள, உன் பிக்கப்புக்குப் பின்பக்கம் குட்டை. திரும்புறப்ப டிரெய்லர் வந்து இடிக்கும். அதை மாட்ட, பின்னால நகர்ற கொக்கியா வாங்கிட்டு வா" என்பார். தன் வண்டியை மட்டம் தட்டுகிறார் என்றே அவன் நினைத்தான்.

புற்றுநோய் முற்றிய மெர்ல் ஏரியைப் பார்க்க ஆசைப்பட்டபோது, கார்லண்ட் வீம்புக்கு நகராத கொக்கியையே மாட்டி டிரெய்லரை இழுத்துப் போனான். ஏரிக்கரை முகாம் வாசலில் ஒடித்துத் திருப்பியதும் டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பின்கண்ணாடியைப் பெயர்த்தது. நாற்காலிகளில் வேடிக்கை பார்த்திருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த மெர்லின் மடியெல்லாம் கண்ணாடித் தூள்.

"திட்டுங்க மச்சான்" என்றான் கார்லண்ட், தலையைத் தூக்காமல்.

மெர்ல் அவனிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்: "திட்ட மூச்சு இல்லடா. மடியைத் தட்டிவிட்டு, தண்ணி வரைக்கும் என்னைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போ."