வேகமாக இறங்கிய தண்ணீர்

கல்யாணத்துக்கு என் அண்ணன் வாங்கிக் கொடுத்த எவர்சில்வர் ஃபில்டரோடுதான் சூலூருக்கு வந்தேன். கோயமுத்தூரில் எங்கள் வீட்டில் ஃபில்டரே கிடையாது. சிறுவாணித் தண்ணீரைக் குழாயில் பிடித்து அப்படியே குடித்து வளர்ந்தவள் நான். சூலூரில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். வரும்போது தொட்டியில் நிரப்பி வைத்துக்கொள்வோம். சுற்றிலும் விசைத்தறிகள். எவ்வளவு மூடிவைத்தாலும் தண்ணீரில் பஞ்சுத் தூசி மிதக்கும், அடியில் மண் படியும்.

ஃபில்டரின் மேல்பாத்திரத்தில் வெள்ளைப் பீங்கான் கேண்டில்கள் இரண்டு. அவற்றில் ஊறி இறங்கும் தண்ணீர்தான் கீழ்ப்பாத்திரத்தில் சொட்டும். ஒரு வாரத்திலேயே கேண்டில்கள் பழுப்பேறி வழுவழுவென்று ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்க, நான் குழாயடியில் அவற்றைப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருப்பேன். அப்புறம் கொதிக்கவைத்து மாட்ட வேண்டும். வாரம் பாதி போவதற்குள் மறுபடி அடைத்துக்கொள்ளும். குடிப்பது எல்லாரும், தேய்ப்பது நான் மட்டும்.

ஒருநாள் அன்னூரிலிருந்து என் கணவரின் பெரியப்பா குடும்பத்தோடு பத்திரிகை வைக்க வந்தார். ஃபில்டரின் குழாயைத் திறந்தேன். அரைச் சொம்பு வந்து நின்றுபோனது.

"ஏனம்மணி, ஊட்டுக்கு வந்தவீங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்க மாட்டாத டப்பாவுக்கா வாராவாரம் இத்தனை சீராட்டு?" என்றார் மாமியார், வந்தவர்கள் காதுபட.

என் கணவர் தறி மெக்கானிக். மறுநாள் காலையில் கேண்டில்களைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போனார். சாயங்காலம் அவரே மாட்டித் தண்ணீர் ஊற்றினார். சலசலவென்று கீழே இறங்கியது.

"சரி பண்ணிப்போட்டேன் கண்ணு. இனி நீ இதைக் கழட்டவே வேண்டாம்."

"என்னங்க பண்ணுனீங்க?"

"அதெல்லாம் தொழில் ரகசியம். தண்ணி வருதா இல்லையா?"

வந்தது. கீழ்ப்பாத்திரம் எப்போதும் நிறைந்தே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் டிவி முன்னால் கழிந்தன. மாமியார் மகனின் கைவண்ணத்தைத் தெருவெல்லாம் சொன்னார். பக்கத்து வீட்டு அக்கா தன் ஃபில்டர் கேண்டில்களையும் கொடுத்தனுப்பினார். அவற்றையும் என் கணவர் சரி பண்ணினார்.

கொஞ்ச நாளில் எங்கள் மகளுக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. நடை பழகியிருந்த குழந்தை எழுந்து நிற்க முடியாமல் மடியிலேயே கிடந்தாள். டாக்டர் முதலில் கேட்டது தண்ணீரைப் பற்றித்தான்.

"ஃபில்டர் தண்ணிதானுங்க டாக்டர்," என்றேன் பெருமையாக.

"அதைக் கழுவி எத்தனை நாளாச்சும்மா?"

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கேண்டில்களைக் கழற்றினேன். இரண்டிலும் அடிப்பக்கம், பிளாஸ்டிக் மூடியை ஒட்டி, சுத்தமாக ஒரு துளை. கீழ்ப்பாத்திரத்தின் அடியில் மண் படிந்திருந்தது. கையை விட்டுத் துழாவினால் பஞ்சு.

பட்டறையிலிருந்து அவர் வந்ததும் கேண்டிலை நீட்டினேன்.

"இந்த ஓட்டை யாருங்க போட்டது?"

"நாந்தான். சின்ன டிரில்லுல போட்டேன். தண்ணி எறங்க வழி வேணுமல்ல?"

"அப்புறம் எதுக்குங்க ஃபில்டர்? தொட்டியிலயே மொண்டு குடிச்சிருக்கலாமுல்லங்க?"

"ஒரு ஊசி ஓட்டைக்கு இந்தக் கத்தா கத்துற? மிச்சமெல்லாம் வடிகட்டித்தான வருது?"

பொய் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. எந்தப் பக்கமிருந்து விளக்க ஆரம்பிப்பது என்று தெரியாமல் கேண்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே குழந்தை சிணுங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. அடுப்பைப் பற்றவைத்து ஒரு குண்டாவில் தண்ணீரைக் காய்ச்சப் போட்டார்.

மகள் தேறினாள். கோயமுத்தூர் போய்ப் புதுக் கேண்டில்கள் வாங்கிவந்தேன். ஒன்றின் திருகு மரை எங்கள் பாத்திரத்தில் ஏறவில்லை. மறுபடி பஸ் பிடித்துப் போய் மாற்றிவந்தேன். அத்தனை அலைச்சலுக்கும், "என்ன கண்ணு, இப்பிடிச் சொட்டுது?" என்றார் மாமியார்.

பக்கத்து வீட்டில் போய்ச் சொல்வதுதான் மலையாக இருந்தது. என் கணவரே சொல்லட்டும் என்று பார்த்தேன், அவர் நழுவிக்கொண்டே இருந்தார். நானே போனேன். அந்த அக்கா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"எங்க ஊட்டுல ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே. உங்க ஊட்டுக்காரர் கைவெச்சப்புறந்தானுங்க தண்ணி தண்ணியா வருது. இருக்கட்டும் உடுங்க."

துளையைக் காட்டுகிறேன், திறங்கள் என்றேன். திறக்கவில்லை. வெயிலில் வந்திருக்கிறீர்கள் என்று அந்த ஃபில்டரிலிருந்தே ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார். வேண்டாமென்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்கப்புறம் வெகுநாள் என்னோடு பேசவில்லை. அவர்கள் திருப்பூருக்குக் குடிபோகும்வரை அந்தக் கேண்டில்களையும் மாற்றவில்லை.