கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து

கறுப்புத் திரையில் கொட்டை கொட்டையாக மஞ்சள் எழுத்து. தொண்ணூறுகளின் கடைசியில், தி. நகரில் ஒரு புடவைக் கடையின் மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் அதை முதலில் பார்த்தபோது சிரித்துவிட்டேன். பஸ் போர்டு மாதிரி இருக்கிறது என்றேன். அதைச் செய்தவர் மேடம்.

மேடம் எனக்கு மேலதிகாரி, மயிலாப்பூரிலிருந்து வருவார். பல வாடிக்கையாளர்களின் இணையதளங்களுக்கும் அடித்தளமாக இருக்கும் ஒரு மென்பொருளை நாங்கள் இருவரும் எழுதிக்கொண்டிருந்தோம். நிறமும் எழுத்தளவும் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் கலந்து கிடந்தன. ஒருவர் நீலம் கேட்டால் எல்லாப் பக்கங்களையும் திறந்து மாற்ற வேண்டும். தோற்றத்தைத் தனிக் கோப்பில் பிரித்துவிட்டால் ஒரே சொடுக்கில் மாற்றலாம் என்றார் மேடம். அந்த வேலை நான்கு மாதம் எங்களை அரைத்தது. கண் எரிய, முதுகு வலிக்க, பக்கம் பக்கமாக நிறங்களைப் பிடுங்கினோம். முடிவில் மூன்று தோற்றங்கள்: நீலம், பச்சை, அந்தக் கறுப்பு.

மேடம் விடுப்பில் இருந்த நாளில் மேலாளர் வந்து பார்த்தார். "இன்னாய்யா இது, கண்றாவியா கீது? தூக்கிடு" என்றார். அலுப்பில் நான் எதையும் யோசிக்கவில்லை. கறுப்பை அழித்தேன்.

மறுநாள் மேடம் கணினி முன் உட்கார்ந்து வெகுநேரம் ஒன்றும் தட்டவில்லை. பிறகு மூக்கு இடிக்கும் அளவுக்கு முகத்தைத் திரையருகே கொண்டுபோனார். பக்கத்தில் போய் நடந்ததைச் சொன்னேன்.

"கண்ணு மங்கிண்டே வரதுப்பா. வெள்ளைத் திரைல ஒண்ணும் தெரியலை. ஆத்துல கூடச் சொல்லலை. நீயும் யார்ட்டயும் சொல்லாதே."

ஃபிளாப்பியில் பழைய பிரதி இருந்தது. அவர் கணினியில் மட்டும் கறுப்பைத் திரும்பப் போட்டேன். இன்று எந்தக் கைப்பேசியிலும் கறுப்புத் திரை உண்டு. அன்று மேலாளர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தோம். ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது.

ஒரு நாள் காலை, "எழுத்தை இன்னும் பெரிசாக்க முடியுமா?" என்று மேடம் கேட்டார். ஆக்கினேன்.

"இன்னும்."

கடைசியில் ஒற்றை எழுத்து திரையை அடைத்துக்கொண்டு நின்றது.

"போதும், விடுப்பா" என்றார்.

அன்று மதியம் அவர் சொல்லச் சொல்ல ராஜினாமா கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போடச் சொன்னார். போட்டேன். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் அவர் விரலைப் பிடித்து வைத்தேன்.