கிட்டார் பார்க்கப் போன நாள்

ஹட்டனில் ஒரு கல்யாண வரவேற்பில் என் கிட்டார் ஊளையிட்டது. மாப்பிள்ளையும் பொண்ணும் மேடைக்கு ஏறிக்கொண்டிருந்தார்கள். என் தோழி பாட்டின் முதல் வரியை எடுத்திருந்தாள். திடீரென்று ஸ்பீக்கரிலிருந்து ஒரு நீண்ட ஓலம் கிளம்பியது. சபையில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினேன். ஓலம் அடங்கியது, பாட்டும் நின்றது. தோழி மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல முதல் வரியை மறுபடி தனியாகப் பாடினாள். சபை அமைதியானது. நான் வாசிக்காமலே அந்தப் பாட்டு முடிந்தது.

நான் வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். அவள் ஹட்டனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். சனி, ஞாயிறுகளில் கூப்பிடுகிற இடத்துக்கு இருவரும் போவோம். அவள் பாடுவாள், நான் வாசிப்பேன். கீபோர்டு இல்லை, மேளம் இல்லை. நான் பிக் என்கிற சின்னத் தகட்டைப் பிடித்து அடிக்கிறவள் இல்லை. கட்டைவிரல் தாழ்ந்த கம்பிகளைப் பார்த்துக்கொள்ளும், மற்ற மூன்று விரல்களும் மேலே மெட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். அவள் குரல் மிகவும் தாழ்ந்தது. பாடசாலை நாட்களில் அதை ஆம்பளைக் குரல் என்று கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது, சூடான தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருப்பது போல இருக்கும்.

அன்று வயர்களைச் சுருட்டும்போது சவுண்ட் செட் நானா என் பக்கத்தில் வந்து நின்றார். ஹட்டனில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கிறவர் அவர். அவர் வயதுக்கு ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும்.

"டீச்சர், இது வீட்ல வாசிக்கிற கிட்டாருங்க. இவ்வளவு பெரிய ஸ்பீக்கருக்கு முன்னுக்கு வச்சா, சத்தம் அதோட வயித்துக்குள்ள போய்ச் சுத்திக்கிட்டே இருக்கும்."

"எலெக்ட்ரிக் வாங்கச் சொல்றீங்களா நானா? நான் வாசிச்சுப் பாத்திருக்கேன். வெறும் கம்பிச் சத்தம். மரத்தோட சத்தமே வராது."

"அது முழுப் பலகைல செஞ்சது. உள்ளுக்கு வெறும் கூடா இருக்கிற எலெக்ட்ரிக் இருக்கே, அதப் பாருங்க."

அதற்குப் பிறகு பல வாரம் என் போனில் அதுதான். ரயிலிலும் சமையல் கட்டிலும் காதில் வயரை மாட்டிக்கொண்டு கிட்டார் வீடியோக்களாகப் பார்த்தேன். வாசித்துக் காட்டிய ஒவ்வொருவரும் தன் மடியில் இருந்ததையே உலகத்தில் சிறந்தது என்றார். முழுக்கக் கூடான தடித்த உடல் வேண்டும் என்றார் ஒருவர். மெலிந்த உடலும், அதன் நடுவில் ஒரு மரக்கட்டையும் இருந்தால்தான் மேடையில் நிம்மதி என்றார் இன்னொருவர். எல்லாமே காதுக்கு நன்றாக இருந்தன. எதையும் தொட்டுப் பார்க்க முடியவில்லை. கொழும்புக் கடைகளில் தொங்கியவற்றில் நான் தேடிய மாதிரி ஒன்றும் இல்லை.

நானாதான் ஆளைக் கண்டுபிடித்தார். நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் நெடுங்காலமாக வாசிக்கிற சிங்களக் கலைஞர். அவரிடம் இரண்டு கிட்டார்கள் இருந்தன, ஒன்று தடித்தது, ஒன்று மெலிந்தது. ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தார். எதை என்பதை வாங்குகிறவரே முடிவு செய்யட்டும் என்று சொல்லியிருந்தார். விலையிலும் வித்தியாசம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நானாவின் வேனில் போனோம். பின்னால் அவருடைய ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் இருந்தன.

"இது எதுக்கு நானா?" என்றாள் தோழி.

"நம்ம மண்டபத்துல கேக்கிற மாதிரி கேட்டாத்தானே தெரியும். அந்த மனுசன்ட வீட்டு ஆம்ப்ல கேட்டா எல்லாம் இனிப்பாத்தான் இருக்கும்."

அவருக்கு அதில் ஒரு ஆதாயமும் கிடையாது. ஒரு நாள் வாடகையையும் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார். தலவாக்கலை தாண்டியதும் மழை பிடித்தது. பெட்டிகளின் மேல் தார்ப்பாய் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை வண்டியை நிறுத்திப் பார்த்தார்.

கலைஞரின் வீடு ஏரிக்கு மேலே ஒரு மேட்டில் இருந்தது. முன்னறையில் இரண்டு கிட்டார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். அவருடைய தமிழ் மெதுவாக வந்தது.

"மிஸ், ரெண்டும் வாசிச்சுப் பாருங்க. அவசரம் இல்ல. நான் நின்னா உங்களுக்கு வெக்கம் வரும். நான் உள்ள போறேன்."

சொன்னபடியே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். முன்பின் தெரியாத ஒருத்தியின் கையில் தன் வாத்தியங்களைக் கொடுத்துவிட்டு அப்படிப் போவதற்கு ஒரு மனசு வேண்டும்.

தடித்ததை முதலில் எடுத்தேன். தேன் நிறம். வயலினில் இருப்பது போல மார்பின் இரு பக்கமும் வளைந்த துளைகள். கம்பிகளைத் தாங்கும் கட்டை கூட மரத்தில்தான் இருந்தது. வயரைச் சொருகாமலே கட்டைவிரலால் தாழ்ந்த கம்பியைத் தட்டினேன். அந்தச் சத்தம் என் விலா எலும்பில் வந்து நின்றது. கம்பிகளுக்கு நடுவில் தாராளமான இடம், என் விரல்கள் ஒன்றையொன்று இடிக்கவே இல்லை. நானா வயரைச் சொருகி, வேனிலிருந்து இறக்கி வைத்திருந்த ஸ்பீக்கரைப் போட்டார். அறை நிறைந்தது. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். மண்டப அளவுக்கு வந்தபோது தாழ்ந்த ஸ்வரம் ஒன்று மெல்ல முனகத் தொடங்கியது.

"இத நான் அடக்கிடுவேன். நீங்க ஸ்பீக்கருக்குப் பக்கவாட்டுல உக்காந்தாப் போதும்," என்றார்.

மெலிந்ததையும் எடுத்தேன். கருஞ்சிவப்பு. பிடிப்பதற்குச் சுகமாக இருந்தது, தோளும் உயரவில்லை. எவ்வளவு கூட்டினாலும் அது முனகவில்லை. சத்தத்தில் மரமும் இருந்தது, ஆனால் சுருக்கமாக, அளவாகப் பேசுகிற மனிதரைப் போல. கம்பிகள் நெருக்கமாக இருந்ததால் என் நடுவிரல் அடிக்கடி தப்பான கம்பியில் விழுந்தது. அதைச் சாய்த்து வைத்துவிட்டுத் தேன் நிறத்தையே மறுபடி மடியில் வைத்தேன்.

தோழி சிரித்தாள். "ஒம் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது புள்ள. அதையே எடு."

"பாடிப் பாப்போம்," என்றேன்.

நாங்கள் எப்போதும் முதலில் எடுக்கிற தாலாட்டு ஒன்று உண்டு. பாதிப் பாட்டிலேயே அவள் நிறுத்தினாள்.

"ஒரு கட்டை ஏத்தி வைப்பமா? இன்னைக்குத் தொண்டை நல்லா இருக்கு."

சுருதியை ஏற்றி வைத்தேன். அழகாகத்தான் பாடினாள். இரண்டாவது பாட்டுக்கும் ஏற்றச் சொன்னாள். அதில் உச்சியில் ஒரு சொல் வரும். அந்தச் சொல்லில் அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். இவ்வளவு காலமாகப் பக்கத்தில் இருந்து வாசிக்கிறேன், அந்த நரம்பை நான் பார்த்ததே இல்லை.

வாசிப்பதை நிறுத்தாமல் யோசித்தேன். தேன் நிறக் கிட்டாரின் தாழ்ந்த கம்பிகள் எந்த இடத்தில் நின்று முழங்குகின்றனவோ, அவள் குரலும் அதே இடத்தில்தான் நிற்கிறது. இரண்டும் ஒரே கதிரையில் உட்காரப் பார்க்கின்றன. அவள் அதை முதல் பாட்டிலேயே கண்டுகொண்டாள். கண்டுகொண்டு, எனக்கு அது பிடித்துவிட்டது என்பதற்காக, தான் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அதையும் தொண்டை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு.

அந்தக் குரலுக்காகத்தான் ஆட்கள் எங்களைக் கூப்பிடுகிறார்கள். அதைக் கேலி செய்தவர்கள் முன்னால் கூட அவள் ஒரு நாளும் மாற்றிக்கொள்ளவில்லை. எனக்காக மாற்றினாள். மெலிந்த கிட்டாரை எடுத்து வயரை மாற்றினேன்.

"பழைய கட்டையிலயே பாடு."

"ஏன், நல்லாத்தானே போச்சு?"

"பாடேன்."

பாடினாள். கட்டைவிரலின் சதையால், கிட்டாரின் கழுத்துப் பக்கமாகத் தள்ளி, மெதுவாகத் தட்டினேன். அவள் தாழ்ந்த ஸ்வரத்துக்கு இறங்கியபோது கிட்டார் ஒதுங்கி வழிவிட்டது. ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்டது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த நானா ஒரு பொத்தானையும் தொடவில்லை. பாட்டு முடிந்ததும் எழுந்து, "இதுதான் டீச்சர்," என்று மட்டும் சொன்னார்.

கதவு திறந்தது. கலைஞர் தேத்தண்ணித் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ தெரியாது, கோப்பைகளில் ஆடை பிடித்திருந்தது. என்னைப் பார்க்காமல் தோழியைப் பார்த்துத்தான் பேசினார்.

"மிஸ், உங்க குரல் கேட்டா, நான் கூட அந்தச் சிவப்புத்தான் எடுப்பேன்."

தோழி என் பக்கம் திரும்பினாள். "ஒனக்கு அது புடிச்சிருந்துச்சே."

"இன்னும் புடிச்சுத்தான் இருக்கு. ஆனா ஒன் தொண்டையக் கடன் வாங்கி எனக்கு அது வேணாம்."

அவள் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காதது போல இருந்துகொண்டேன்.

கம்பிகள் நெருக்கமாக இருப்பதைக் கலைஞரிடம் சொன்னேன். என் விரல்களை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு சின்ன அரத்தையும் மாட்டெலும்புத் துண்டு ஒன்றையும் எடுத்து வந்தார். கழுத்தின் முனையில் கம்பிகள் படுகிற இடத்தில் ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்த எலும்பில் புதிதாக ஒன்று ராவிக் கொடுத்தார். கழுத்தின் அகலத்தைக் கூட்ட முடியாது, ஆனால் ஓரக் கம்பிகளைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்தார். இரண்டு தடவை மாட்டி, இரண்டு தடவை கழற்றி, மறுபடி ராவினார். அதற்கு ஒன்றும் வாங்க மறுத்துவிட்டார். முடிந்ததும் என் நடுவிரல் சரியான கம்பியில் விழுந்தது, எல்லா நேரமும் இல்லை, பெரும்பாலும்.

அடுத்த மாதம் ராகலையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. தகரக் கூரை மண்டபம், வெளியே மழை. நானா சத்தத்தை நன்றாகவே கூட்டி வைத்திருந்தார். தோழி தன் பழைய கட்டையில் தாலாட்டை எடுத்தாள். சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். கரண்டிச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா மேடை ஓரத்துக்கு வந்து, மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, முடியும்வரை நின்றார்.

இப்போது அவள் இன்னும் தாழ்ந்த ஒரு பாட்டைப் பழகிக்கொண்டிருக்கிறாள். கடை மூடியதும் என் வீட்டுக்கு வருகிறாள். அவள் இறங்குகிற ஆழத்துக்கு என் கடைசிக் கம்பி எட்டவில்லை. அதனால் அதன் சுருதியையே இறக்கிவிட்டு, கட்டைவிரலுக்குப் புதுப் பாதை தேடுகிறேன். நேற்று முதல் சரணம் வரை வந்தோம்.