சாட்சிக் கண்ணாடி

போரில் நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் எங்கள் மருத்துவக் கல்லூரியை மலாக்காவுக்கு நகர்த்தியபோது புத்தகங்களில் பாதி வழியிலேயே காணாமல் போயின. நுண்ணோக்கிகள் மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தன. எனக்கு அது போதும். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, ஜன்னல் வெயிலைக் கீழேயுள்ள சின்ன ஆடியில் பிடித்து மேலே அனுப்பினால் ஓர் ஊரே கண்ணுக்குள் வந்து நிற்கும். சாப்பாட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு என்பதே அப்போது மறந்துபோகும்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய இரத்தத்துக்குச் சாயம் ஏற்றினாலும், மலேரியா இருப்பது ஏற்கெனவே உறுதியான ஒருவரின் இரத்தத்துக்கும் கூடவே ஏற்ற வேண்டும். அதே சாயம், அதே தண்ணீர். அதை நாங்கள் சாட்சி என்போம். சாயம் சரியாக ஏறினால் கிருமி ஒரு நீல மோதிரமாகத் தெரியும், அதில் கல் பதித்த மாதிரி ஒரு சிவப்புப் புள்ளி. புள்ளியைக் காட்டாவிட்டால் எங்கள் விரிவுரையாளர் கையெழுத்துப் போட மாட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை கிடைக்காது. மருந்துக்கு அவ்வளவு பஞ்சம்.

என்னோடு ஒரே மேசையில் வேலை செய்தவன் மலாக்காவில் காஜா பெராங் என்ற இடத்துச் செட்டிக் கம்பத்துக்காரன்; பல தலைமுறைக்கு முன் வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழர்களின் குடியிருப்பு அது. நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் அவனுக்குச் சாமி பெயர்களும் சில உறவுமுறைகளும்தான் தெரியும். நாங்கள் பேசியதெல்லாம் மலாயில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

அவன் அக்காவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்க் காய்ச்சல். கைக்குழந்தைக்காரி. விரலில் குத்தி இரண்டு கண்ணாடிகளில் இரத்தம் எடுத்து வந்திருந்தான். சொந்தக்காரர் இரத்தத்தைச் சொந்தக்காரர் பார்க்கக் கூடாது என்பதால் நான் பார்க்க உட்கார்ந்தேன். அவன் என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு நின்றான்.

வெகுநேரம் தேடினேன்.

"இல்லடா."

"நல்லாப் பாரு லா. நேத்து அவ ஆடின ஆட்டத்துல கட்டிலே நகர்ந்துச்சு."

"நான் கட்டிலையா பார்க்கிறேன்? இரத்தத்தைப் பார்க்கிறேன்."

அவன் முகம் செத்துப்போனது. கண்ணாடியில் இல்லை என்றால் மாத்திரை இல்லை. வழக்கப்படி சாட்சியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதிலும் ஒன்றுமில்லை. முந்தைய வாரம் அதே ஆளின் இரத்தத்தில் கிருமிகள் திருவிழாக் கூட்டம் மாதிரி நெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்!

எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை சாட்சி என்பது சாயத்தை வீணாக்கும் சடங்கு என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்த ஒன்றைத் தெரியாததன் பக்கத்தில் வைத்த ஒரே காரணத்தால், அந்தக் கண்ணாடி வாய் திறந்து பேசிவிட்டது: குறை அவள் இரத்தத்தில் இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

சாயம் பழைய புட்டிதான். மாறியது தண்ணீர். காய்ச்சி வடிக்க எரிபொருள் இல்லாமல் மழைநீரைப் பிடித்து வைத்திருந்தோம். பிடிக்க ஜாடி கொண்டுவந்தது இவன்.

"ஜாடி யாரோடது?"

"அம்மாவோடது. நல்லாத்தான் கழுவினேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"அச்சார்."

"எவ்வளவு காலமா?"

"நான் பிறந்ததுலேர்ந்து."

முகர்ந்தேன். காடி வாசனை மூக்கில் ஏறியது. புளித்த தண்ணீரில் சிவப்பு எப்படி ஏறும்?

"பாவி, உங்க அக்கா இரத்தத்தை ஊறுகாய் போட்டுட்டோம்டா!"

வேறு தண்ணீர் பிடிக்கலாமென்றால் மழைக்கு அறிகுறியே இல்லை. அவன் திடீரென்று, "ஆயர் அபு!" என்று கத்தினான். குய் என்ற மலாய்ப் பலகாரம் செய்யும்போது அவன் வீட்டில் மாவில் ஊற்றும் சாம்பல் நீர். புளிப்பை அது முறிக்கும். ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்கு ஓடி, அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து, நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டினான். அதைச் சாயத் தண்ணீரில் சொட்டுவிட்டு, முதலில் சாட்சிக் கண்ணாடிகளில்தான் சோதித்தோம். ஒருமுறை போதவில்லை. ஒருமுறை கூடிப்போய் மைக்கூட்டைக் கவிழ்த்த மாதிரி எல்லாம் நீலம். சுவர்க் கடிகாரம் ஜப்பான்காரர்கள் திருப்பி வைத்த தோக்கியோ நேரம் காட்டியது. எங்களுக்கு வேண்டியதோ வெயிலின் நேரம். அது ஜன்னலை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

பிறகு சாட்சியில் சிவப்பு வந்தது. உடனே அதே தண்ணீரில் அக்காவின் இரண்டாவது கண்ணாடி.

மெல்ல நகர்த்தினேன். வெறும் வட்டங்கள், வெறும் வட்டங்கள். அப்புறம் ஒன்று. நீலமும் சிவப்புமாக, சுத்தமாக, தூசியைவிடச் சின்னதாக. ஒரு மனுஷியைக் கட்டிலோடு ஆட்டி வைத்தது இதுவா!

"இருக்கா? சொல்லேன் லா, இருக்கா?"

"இருக்குடா!"

"அக்காவுக்கு மலேரியா! அக்காவுக்கு மலேரியா!" என்று அவன் குதித்தான். வராந்தாவில் போன தாதி எங்களைப் பைத்தியக்காரர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். விரிவுரையாளர் வந்தார், குனிந்தார், நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்ததும் பேனாவைக் கேட்டார்.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். கொய்னா தின்றால் வரும் கோளாறு, அவள் காது அடைத்திருந்தது.

"கத்திப் பேசு! நீதான் அதைப் பார்த்தியாமே? எப்படி இருந்துச்சு?"

"அழகா இருந்துச்சு அக்கா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன்.

"அழகா?" அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும் அழகு. உள்ள வா."