நாவை வென்றவர்கள் முப்பத்தோரு பேர்

பிரம்மநாயகத்துக்குப் பாட வராது. படிப்பும் ஏறவில்லை. ஆளை அடித்துப் பெயர் வாங்கத் தைரியமும் கிடையாது. நாற்பத்து நான்கு வயதுக்குள் தாராவியில் அவர் சம்பாதித்த பெயர் முழுவதும் பாகற்காயால் வந்தது. பச்சைப் பாகற்காயை வெள்ளரிப் பிஞ்சு மாதிரி கடித்து மெல்லுவார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழாது. வடாலாவில் அவர் ஃபிட்டராக இருந்த பட்டறையில் இந்திக்காரர்கள் அவரை ‘கரேலா பாபா’, அதாவது பாகற்காய்ச் சாமியார், என்று கூப்பிட்டார்கள். கேலியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது; பம்பாயில் பாபா ஆவதற்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து 1939-ல், பத்தொன்பது வயதில் வந்தவர். ஒரே அறையில் பதினான்கு பேர், இவர் பதினான்காவது. இவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற நிலைமை. முதல் மழைக்கே அறை முழுவதும் காய்ச்சலில் விழுந்தது. யாரோ நிலவேம்புக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தார்கள். ஒருவன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதான், ஒருவன் சாக்கடைப் பக்கம் ஓடினான். பிரம்மநாயகம் டீ குடிப்பது போலக் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். பதிமூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். அதுவரை அவரை யாரும் வேண்டுமென்று பார்த்ததில்லை. மனிதர் கெட்டது அன்றைக்குத்தான்.

எப்படிக் குடித்தாய் என்று கேட்டதற்கு, “மனச அடக்குனேன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, மனதை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் வாயில் போட்டுக்கொள்வார். ஏதோ ஒரு பச்சிலை வாடை தொண்டையில் லேசாகத் தங்கும், அவ்வளவுதான். இதைத்தான் எல்லாரும் கசப்பு என்று சொல்லிக் கூப்பாடு போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு அழுகிற உலகத்தின் மேல் அவருக்கு ஓர் இளக்காரம் வந்தது. வந்தது போகவே இல்லை.

தாராவியில் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். மாதக் கூட்டத்தில் பிரம்மநாயகம் பத்து நிமிடம் பேசுவார். கசப்பு நாக்கில் இல்லை, மனசில் இருக்கிறது என்பார். நாக்கை அடக்கத் தெரியாதவன்தான் கள்ளச்சாராயம் தேடிப் போகிறான், பெண்டாட்டியை அடிக்கிறான், ஊருக்குப் பணம் அனுப்ப மறக்கிறான் என்பார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கணேசபாண்டியனைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்வார். மதுவிலக்கு அமலில் இருந்த அந்த ஊரில் காலை பத்து மணிக்கே எங்கே நாட்டுச் சரக்கு கிடைக்கும் என்று சொல்லக்கூடிய ஆள் கணேசபாண்டியன். அவனும் தவறாமல் கை தட்டுவான்.

இதெல்லாம் வெளியே. வீட்டுக்குள் கோமதியம்மாள் இருந்தாள்.

1946-ல் கல்யாணம். அடுத்த சனிக்கிழமையே பாகற்காய். புளி போடக்கூடாது, வெல்லம் கூடவே கூடாது, உப்புப் போட்டுப் பிழிந்து கசப்பை எடுப்பதோ மகா பாவம். வெல்லம் போட்டுத் தின்பது புறமுதுகு காட்டி ஓடுவதற்குச் சமம் என்பது அவர் கட்சி. முதல் வாயிலேயே அவள் முகம் சுளித்தாள். அவளைப் பெற்றவர் பிள்ளை வளர்த்த லட்சணத்தைப் பற்றிச் சோறு ஆறுகிற வரை பேசினார். இரண்டாவது சனிக்கிழமையும் பேசினார். ஆறு மாதத்துக்குள் அவள் முகத்தை அசைக்காமல் விழுங்கக் கற்றுக்கொண்டாள். பிள்ளை பிறக்கவில்லை. அதற்கும் நாக்கை அடக்காததுதான் காரணம் என்று, வெறும் வயிற்றில் வேப்பங்கொழுந்து அரைத்து ஒரு வருடம் கொடுத்தார். கூடவே தானும் தின்றார். அதை மனைவி மேல் வைத்த பாசமாகவே அவர் கணக்கில் வைத்திருந்தார். அந்த ஆளைச் செவிட்டில் ஒன்று வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவள் அழும்போது பக்கத்திலிருந்து முதுகைத் தடவிக்கொடுத்தவரும் அவரேதான்.

1964-ல் சங்கத்துக்குப் பத்தாவது ஆண்டு விழா வந்தது. செயலாளர் சுயம்புவுக்கு எதுகை மோனையில் பித்து. பிரம்மநாயகத்துக்குப் பொன்னாடை போர்த்தி, ‘நாவை வென்ற நாயகம்’ என்று பட்டம் கொடுக்கலாம் என்று அவர்தான் ஆரம்பித்தார். யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நோட்டீசும் அச்சாகி வந்துவிட்டது. பிரம்மநாயகம் அதில் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டிக்கெட் எடுக்கிற சாக்கில் பஸ்ஸில் வெளியே எடுத்து எடுத்துப் பார்த்தார். பதினான்காவது ஆளாக வந்தவனுக்கு அச்சில் பெயர் வந்தால் அப்படித்தான் இருக்கும்.

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டுங்காவிலிருந்து பஞ்சாபகேசன் வந்தான். கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிற பையன். தடித்த கண்ணாடி, தோளில் பை, பையில் இரண்டு டப்பா. டப்பாக்களில் துண்டு துண்டாக வெட்டிய காகிதம். ஒன்றில் வெறும் காகிதம், இன்னொன்றில் மருந்து தோய்த்துக் காய வைத்தது. நூறு பேர் நாக்கில் வைத்து என்ன ருசி என்று சொல்ல வேண்டும், அவன் எழுதிக்கொள்வான், அவ்வளவுதான் வேலை. ஆபத்தில்லை, காசில்லை, ஊசியில்லை என்றதும் சுயம்பு சங்கத்து அறையைத் திறந்துவிட்டு, குடும்பம் குடும்பமாக வரச் சொல்லி ஆள் அனுப்பினார். நாக்கைப் பற்றிய ஆராய்ச்சி, அதுவும் நம் சங்கத்தில், அதுவும் இந்த வாரம் என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

முதல் மருந்துக் காகிதம் சுயம்புவுக்கு. வைத்த வேகத்தில் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டு ஓடினார். அடுத்து வந்த மூன்று பேரும் அதே கதைதான். பிறகு பிரம்மநாயகம் எழுந்தார். கண்ணை மூடினார், மூச்சைப் பிடித்தார், அதே டப்பாக் காகிதம் ஒன்றை நாக்கில் வைத்து வாயையும் மூடிக்கொண்டார். வெகுநேரம் கழித்து எடுத்து, “வெறும் தாளு” என்றார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. பஞ்சாபகேசன் மட்டும் தட்டவில்லை. தன் நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டான்.

பெண்கள் வரிசையில் கோமதியம்மாள் வந்தாள். காகிதத்தை வைத்தாள். முகம் அசையவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டான். அவள் கணவனை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியவில்லை என்றாள். அவன் எழுதப் போனவன், அவள் கண்ணில் தண்ணீர் கட்டி நிற்பதைப் பார்த்துப் பேனாவை எடுத்துவிட்டான்.

“மாமி, இதுல பாஸ் ஃபெயில் எல்லாம் கிடையாது. என்ன தெரியறதோ அதைச் சொல்லுங்கோ, போதும்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “கசக்கு” என்றாள். பிறகு, யாரோ இன்னும் கேட்டது போல, “ரொம்பக் கசக்கு” என்றாள்.

பதினெட்டு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் அவர் காதுபடச் சொன்னது அதுதான் முதல் தடவை. சபை நடுவில் மானத்தை வாங்கிவிட்டாளே என்று பிரம்மநாயகத்துக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டுக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆண்கள் வரிசை மறுபடி நகர்ந்தது. பால் ஊற்றுகிறவன் வந்து நாக்கில் வைத்துவிட்டு, தாள்தான் என்றான். கூட்டம் சிரித்தது. பிரம்மநாயகம் அண்ணாச்சியைப் பார்த்து வேஷம் போடாதே என்று அதட்டியது. அவன் சாமி சத்தியமாகத் தாள்தான் என்று இன்னொன்று வாங்கி மென்றே காட்டினான். பிறகு சலவைக்காரர் ஒருவருக்கும் தாள். மாமியாரும் மருமகளும் வந்ததில் மாமியாருக்குத் தாள், மருமகளுக்கு விஷம். மாட்டுங்கா ஸ்டேஷனில் ஜேப்படி அடித்து இரண்டு தடவை உள்ளே போய் வந்தவனுக்கும் தாள். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கணேசபாண்டியன் ஆடிக்கொண்டே வந்தான். காகிதத்தைச் சப்பினான், திருப்பிப் போட்டுச் சப்பினான். “என்ன சார் இது, சரக்கே இல்லாத தாளக் குடுத்து ஏமாத்துதீங்க” என்றான்.

பஞ்சாபகேசன் நோட்டைக் கூட்டிப் பார்த்தான். அன்றைக்குத் தாராவியில் நாவை வென்றவர்கள் முப்பத்தோரு பேர்.

தனக்கும் கணேசபாண்டியனுக்கும் ஒரே பத்தியில் கோடு போட்டிருப்பதைப் பிரம்மநாயகம் எட்டிப் பார்த்துவிட்டார். எழுதியது தப்பு என்றார். இல்லை என்றான் பையன். இது பிறவியிலேயே வருகிற சமாச்சாரம், அப்பாவிடமிருந்து ஒரு பங்கு, அம்மாவிடமிருந்து ஒரு பங்கு, இரண்டும் ருசி தெரியாத வகையாகவே வந்து சேர்ந்தால் இந்த மருந்து நாக்குக்குப் படாது என்று பொறுமையாகச் சொன்னான். எல்லாக் கசப்புக்கும் இதே கணக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த வகைக்காரர்களில் பலருக்கு மற்ற கசப்பும் கொஞ்சம் மட்டாகத்தான் தெரியும் என்றான்.

இன்றைக்கானால் இன்னும் விவரமாகச் சொல்லியிருப்பான். நாற்பது வருடம் கழித்து அந்த மரபணுவைக் கண்டுபிடித்து, ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது என்று விலாசமும் எழுதிவிட்டார்கள். அது சொல்லிக் கொடுத்தபடி உடம்பு ஒரு புரதத்தைச் செய்து, கட்டட வாசலில் கூர்க்காவை நிறுத்துவது போல நாக்கில் நிறுத்துகிறது. கசப்பு வந்தால் மேலே மூளைக்குக் குரல் கொடுப்பது கூர்க்காவின் வேலை. முந்நூற்றுச் சொச்சம் மணிகள் கோத்த மாலை போன்றது அந்தப் புரதம். அதில் மூன்றே மூன்று மணிகள் மாறியிருந்தால் கூர்க்கா தூங்கிவிடுகிறார். பிரம்மநாயகத்தின் கூர்க்கா பிறந்த நாளிலிருந்தே தூக்கம். அவரைக் காவலுக்கு வைத்துக்கொண்டு, நம் கட்டடத்துக்குத் திருடனே வருவதில்லை என்று மனிதர் மார்தட்டிக்கொண்டிருந்தார்.

பிரம்மநாயகம் இன்னொரு காகிதம் கேட்டார். பஞ்சாபகேசன் கொடுத்தான். மூன்றாகக் கொடுக்கச் சொன்னார். மூன்றையும் நாக்கில் வைத்தார். இந்தத் தடவை மூச்சைப் பிடிக்கவில்லை, மனதைக் கட்டவில்லை. கசக்கட்டும் என்று கெஞ்சாத குறையாகக் காத்திருந்தார். எச்சில் ஊறிக் காகிதம் கூழானது.

“அப்ப மனச அடக்குறதுன்னு ஒண்ணு இல்லையா?” என்றார்.

“இருக்கலாம் சார். ஆனா உங்களுக்கு அதுக்கு வேலையே வரலியே.”

கணேசபாண்டியன் அதற்குள் சுயம்புவைப் பிடித்துக்கொண்டான். பட்டம் அண்ணாச்சிக்கே இருக்கட்டும், பொன்னாடையை மட்டும் முப்பத்தொன்றாகக் கிழித்தால் தனக்கு ஒரு கைக்குட்டையாவது தேறும் என்றான். சுயம்பு நோட்டீஸ் கட்டைத் துண்டைப் போட்டு மூடி வைத்தார். ‘நாயகம்’ என்பதோடு வேறு எது பொருந்தும் என்று அவர் வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

புருஷனும் பெண்சாதியும் வீட்டுக்கு நடந்தார்கள். வீட்டுக்கு வரட்டும் என்று பல்லைக் கடித்தவருக்கு, வந்த பிறகு கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. அவமானம் இருந்தது. அதற்கும் அடியில், ஏமாந்தது யார் என்று அவருக்கே புரியாத ஒரு பயம் இருந்தது. கோமதியம்மாள் தட்டு வைத்தாள், சோறு போட்டாள், முந்தின நாள் பாகற்காய் மிச்சத்தைச் சுடவைத்து இரண்டு தட்டிலும் ஓரத்தில் வைத்தாள். அவர் அதிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெகுநேரம் மென்றார்.

“ஏளா, கசப்புன்னா எப்படி இருக்கும்?” என்றார்.

கிண்டலில்லை, நிஜமாகத்தான் கேட்டார். அவளுக்கும் அது தெரிந்தது. தன் தட்டில் இருந்த பாகற்காயை ஒவ்வொன்றாக எடுத்து அவர் தட்டில் வைத்தாள். கடைசித் துண்டு வரை வைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“நீங்க எனக்குத் தொணைக்குத் திங்கியன்னு நெனச்சுத்தான் நானும் தின்னேன்” என்றாள். “பதினெட்டு வருசமா இந்த வீட்டுல நான் ஒருத்திதான் பாவக்கா தின்னுருக்கேன்.”