செங்கல்வராயன் விழுங்கிய வரி

செங்கல்வராயன் வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அதனால்தான் பருத்திப்பட்டுப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் தமுக்கடிக்கிற வேலை அவனுக்கு வந்தது. ஏரி மதகு திறப்பதோ, அம்மை குத்த ஆள் வருவதோ, எதுவானாலும் அவன் கத்திவிட்டுப் போனால்தான் ஊருக்குச் சேதி. பேப்பர் படிக்க அங்கே எவனுக்குத் தெரியும்?

அறுபத்து மூணில் தொழிற்பேட்டைக்காக ஏரிக்கரை நிலத்தை எடுக்கப்போவதாக நோட்டீசு வந்தது. கணக்குப்பிள்ளை திருவேங்கடம் அதை வாசித்துக் காட்டி அவனை மனப்பாடம் பண்ணவைத்தார். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளில் எழுதிக் கொடுக்கலாம் என்று கடைசியில் ஒரு வரி. ஆட்சேபணை வந்தால் வேலை இழுத்துக்கொண்டே போகும் என்று அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். செங்கல்வராயன் தயங்கினான். அக்கா பொன்னியம்மாவின் அரைக்காணியும் அதில் போகிறது. புருஷன் செத்த பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த மண்தான்.

"உன் ஊடு புறம்போக்குலதானே கீது?" என்றார் கணக்குப்பிள்ளை. மிரட்டவில்லை, பாவி மனுஷன், சும்மா விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார்.

நாலு தெருவிலும் தமுக்கு அடித்தான். அந்த வரியைச் சொல்லவில்லை. வாசலில் நின்று கேட்ட அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டான். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எல்லாம் பொய். ஒரு வரியை முழுங்கினால் போதும், ஊரே வாயை மூடிக்கொள்கிறது.

ரெண்டாம் மாசம் சர்வேக்காரர்கள் வந்து கல் நட்டார்கள். ஊர் அலறியடித்துக்கொண்டு அதிகாரியிடம் ஓடியது. அவர் காகிதக் கட்டைப் புரட்டினார். தமுக்கு போட்டாயிற்று, ஒருத்தரும் ஆட்சேபிக்கவில்லை. பேசாமல் இருந்தவனெல்லாம் சம்மதித்தவன் என்பது சர்க்கார் நியாயம், நினைத்தால் வயிறு எரிகிறது. கெடு இருந்ததே தெரியாது என்று ஜனங்கள் முறையிட, அதிகாரி செங்கல்வராயனைக் கூப்பிட்டு, அந்த வரியைச் சொன்னாயா இல்லையா என்று கேட்டார். சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டால் மறுபடி தமுக்கு போட்டாக வேண்டும், நிலம் தப்பலாம். ஆனால் அவனுக்கு வேலையும் போகும், வீடும் போகும்.

எல்லோரும் அவன் வாயையே பார்த்துக் காத்திருந்தார்கள். கடைசியில் பொன்னியம்மா முன்னால் வந்தாள்.

"தம்பி சொல்லுச்சு சாமி. நாங்கதான் காதுல வாங்கல."

கூட வந்தவர்கள் அவளை வெறித்துப் பார்த்தார்கள். நிலத்துக்காரியே சொன்ன பிறகு அவர்கள் பேச்சு எடுபடவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். இல்லை என்று செங்கல்வராயன் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். அந்தத் தொண்டைக்கு அது ஒரு பொருட்டா? போடவில்லை.

வெளியே அவள் பின்னாலேயே ஓடி, ஏன் அப்படிச் சொன்னாய் என்று அழுதான்.

"நீ சொல்லுவேன்னு பார்த்துகினே இருந்தேன்," என்றாள் பொன்னியம்மா. "சொல்லமாட்டேன்னு தெரிஞ்சிபோச்சு. உன் புள்ளைங்களாவது ஊட்ல இருக்கட்டும்."

அவள் நிலத்தில் எழும்பிய கம்பெனியிலேயே அவள் கூட்டிப் பெருக்கினாள். எழுபத்தெட்டாம் வருஷம் சாகிறவரைக்கும் தம்பி வீட்டு வாசப்படியை மிதிக்கவில்லை.